பிள்ளை பள்ளி புகுந்தபின் செவிலிக்கு என்ன ஊதியம்?

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் சனவரித் திங்களின் முதல் வாரத்தில் தொடக்கப் பள்ளிகள் திறக்கின்றன. புதுச் சீருடையும் தோளை அழுத்தும் புத்தகப் பையுமாகத் தொடக்கநிலை ஒன்றில் கால் வைக்கும் பிள்ளைகளை வாயில்வரை கொண்டுவந்து விடுவோர் தாய் தந்தையர் மட்டுமல்லர். பிறந்த நாள்தொட்டு அப்பிள்ளையைக் கையில் ஏந்தி வளர்த்த பணிப்பெண்ணும் பல இடங்களில் உடன் நிற்கிறார். பள்ளியின் மணி அடித்ததும் தாய் தந்தையர் அலுவலகம் செல்கின்றனர். பணிப்பெண் வீடு திரும்புகிறார். அந்த வீட்டில் அப்போது ஒரு கேள்வி எழுகிறது. வாய்விட்டுக் கேட்போர் சிலர். மனத்துள் கேட்டுக்கொள்வோர் பலர். “பிள்ளையோ பள்ளிக்குப் போய்விட்டது. இனி இவருக்கு வீட்டில் என்ன வேலை? ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலம் வருகிறதே, ஊதியத்தை உயர்த்துவதா, இருப்பதையே தருவதா?”

கேள்வி சிறியதுபோல் தோன்றும். ஆனால் அதன் ஒரு புறம் மாதச் சம்பளத்தைக் கணக்கிட்டு வாழும் நடுத்தரக் குடும்பம் நிற்கிறது. மறுபுறம், தன் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுக் கடல் கடந்து வந்து, பிறர் பிள்ளையை வளர்த்து, அந்த ஊதியத்தால் தன் பிள்ளையைப் படிக்கவைக்கும் ஒரு தாய் நிற்கிறார். இருவர் கணக்கும் ஒரே தொகையில் வந்து முட்டுகின்றன.

இதற்குச் சட்டத்தில் விடை தேடுவோர் ஏமாற்றமே அடைவர். 1968ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டம் இல்லப் பணியாளரைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. 1978இல் வெளிநாட்டுப் பணிப்பெண் திட்டம் தொடங்கியபின் பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து பெண்கள் வரலாயினர். அவர்களுடைய உணவு, உறையுள், மருத்துவம், ஓய்வு நாள் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாக விதிகள் பிறந்தன. ஊதியத்தை மாதந்தோறும் தரவேண்டும், மாதம் முடிந்து 7 நாளுக்குள் தரவேண்டும் என்றும் விதி உண்டு. எவ்வளவு தரவேண்டும் என்பதற்கு மட்டும் சிங்கப்பூரில் விதி வகுக்கப்படவில்லை. பிலிப்பீன்ஸ் அரசு 2006ஆம் ஆண்டின் இறுதியில், தன் நாட்டுப் பணிப்பெண்ணின் மாத ஊதியம் 400 அமெரிக்க வெள்ளிக்குக் குறையலாகாது என வரையறுத்தது. மலேசியாவும் இந்தோனேசியாவும் 2022 ஏப்ரல் முதல் நாள் செய்துகொண்ட உடன்பாட்டில் 1,500 ரிங்கிட் என்று குறித்தன. இவையெல்லாம் அடித்தளத்தைச் சொல்பவை. நான்காம் ஆண்டில், ஏழாம் ஆண்டில், வளர்த்த பிள்ளை பள்ளி புகும் ஆண்டில் என்ன தருவது என்பது வீட்டாரின் கையிலேயே விடப்பட்டுள்ளது. ஆதலின் அளவுகோலையும் வீட்டாரே தேடிக்கொள்ள வேண்டியுள்ளது.

ஐவகைத் தாயர்

தமிழ் இலக்கியம் பெற்றவளை நற்றாய் என்றும் வளர்த்தவளைச் செவிலித்தாய் என்றும் கூறும். இருவரையும் தாய் என்னும் ஒரே சொல்லால் குறித்தமை நோக்கத்தக்கது. செவிலியின் மகளே தோழி என்பது தொல்காப்பியம் தரும் செய்தி. அகப்பொருளில் பேசும் உரிமை பெற்ற மாந்தருள் செவிலியும் ஒருத்தி. தலைவி மணம் முடித்துத் தனிமனை புகுந்த பின்னரும், செவிலி அங்குச் சென்று அவள் இல்லறம் நடத்தும் திறத்தைக் கண்டு வந்து நற்றாய்க்கு உரைப்பதாகக் குறுந்தொகையில் பாடல்கள் உள. பிள்ளை வளர்ந்துவிட்டாள், இனிச் செவிலி எதற்கு என்று அந்நூல்கள் கேட்கவில்லை.

அச்செவிலிக்கு ஊதியம் எவ்வளவு என்றும் அவை சொல்லவில்லை. இதனையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உறவாகக் காட்டப்பட்ட பணிக்குக் கூலி பேசுவது அப்பாடல்களின் நோக்கமன்று. ஆனால் “எங்கள் வீட்டுப் பெண் மாதிரிதான் வைத்திருக்கிறோம்” என்று சொல்லிக்கொண்டே ஊதியப் பேச்சைத் தள்ளிப் போடும் இல்லங்கள் இற்றை நாளில் உள. உறவு என்பது உண்மையாயின் அது ஊதியத்தைக் கூட்டுதற்குக் காரணமாக வேண்டுமேயன்றிக் குறைத்தற்குக் காரணமாகலாகாது.

இந்தக் கேள்விக்கு இலக்கியம் தரும் பயனுள்ள கருவி வேறொன்று. நிகண்டுகளும் உரைகளும் ஐவகைத் தாயர் என்றொரு பகுப்பைக் கூறும். பெயர்கள் நூலுக்கு நூல் வேறுபடினும், ஊட்டுதல், நீராட்டுதல், தாலாட்டித் துயிற்றுதல், பேச்சுப் பயிற்றுதல், கையில் ஏந்திக் காத்தல் என அப்பணிகளைத் தொகுத்துக்கொள்ளலாம். பிள்ளை வளர்ப்பு ஒரு வேலையன்று, பல வேலைகளின் கூட்டு என்பதைப் பழையோர் நன்கு உணர்ந்திருந்தனர். பிள்ளைக்கு ஏழு வயது ஆகும்போது இவ்வைந்தில் எவை ஒழிகின்றன, எவை வேறு உருவம் கொள்கின்றன என்று பார்த்தால், ஊதியக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஊட்டுதல் ஒழிகிறது என்று தோன்றும். பிள்ளை தானே உண்ணக் கற்றுவிட்டது. ஆனால் தொடக்கப் பள்ளி காலை 7.30 மணி அளவில் தொடங்குகிறது. பள்ளிப் பேருந்து அதற்கு வெகு முன்பே அடுக்குமாடியின் கீழ் வந்து நிற்கும். ஆகவே விடியுமுன் எழுந்து, பிள்ளையை எழுப்பி, காலை உணவு கொடுத்து, இடைவேளைக்குரிய தின்பண்டப் பெட்டியை நிரப்பி அனுப்ப வேண்டும். பாலர் பள்ளிக் காலத்தில் இல்லாத விரைவு இதில் புகுந்துவிடுகிறது. பிற்பகல் ஒன்றரை அல்லது இரண்டு மணிக்குப் பசியோடு வரும் பிள்ளைக்குச் சூடான சோறு வேண்டும். நீராட்டுதல் ஓரிரு ஆண்டில் உண்மையாகவே குறைந்துவிடும். அதற்கு ஈடாகச் சீருடை துவைத்தலும் தேய்த்தலும் வருகின்றன. தாலாட்டுதல் ஒழிந்தது. அதில் வாதம் இல்லை.

பேச்சுப் பயிற்றுதல் வேறாகிறது. “நாளைக்குச் சொல்வதெழுதுதல் இருக்கிறது, இந்தப் பத்துச் சொற்களையும் ஒரு தடவை எழுதச் சொல்லுங்கள்” என்று தாய் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொல்வது எத்தனை வீடுகளில் நடக்கிறது! நாட்குறிப்பில் ஆசிரியர் எழுதியதைப் பார்த்தல், கையொப்பம் வேண்டிய தாளை எடுத்து மேசைமேல் வைத்தல், தண்ணீர்க் குடுவையைப் பள்ளியிலேயே விட்டுவந்த பிள்ளையிடம் அதனைக் கேட்டல் என்றவாறு இப்பணி விரிகிறது. குழந்தைக்கு நடைபழக்கும் பணிப்பெண்ணிடம் இவற்றையெல்லாம் யாரும் எதிர்பார்த்ததில்லை.

எஞ்சியது காத்தல். இதுவே பெரிது. பிள்ளை கையில் இருந்தபோது காவல் வீட்டுக்குள் இருந்தது. இப்போது அது வீதிக்கு வந்துவிட்டது. சாலை கடத்தல், பேருந்துக்குக் காத்திருத்தல், வகுப்பில் காய்ச்சல் கண்டால் பள்ளி அலுவலகம் அழைக்கும்போது ஓடுதல், விளையாட்டுத் திடலில் யாரோடு பேசுகிறது என்று கவனித்தல் ஆகியவை அனைத்தும் கைவேலையாகக் கண்ணுக்குத் தெரியாதவை. கண்ணுக்குத் தெரியாமையால்தான் “வேலை குறைந்துவிட்டது” என்ற எண்ணம் பிறக்கிறது.

மணிக்கணக்கு

சரி, மணிக்கணக்காகவே பார்க்கலாம். சிங்கப்பூர்ப் பள்ளி ஆண்டில் நான்கு தவணைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 வாரம். மார்ச்சில் 1 வாரம், ஜூனில் 4 வாரம், செப்டம்பரில் 1 வாரம், ஆண்டிறுதியில் ஏறத்தாழ 6 வாரம் விடுமுறை. ஆகப் பள்ளி நடப்பது 40 வாரம், வாரத்திற்கு 5 நாள், நாளொன்றுக்கு 6 மணி அளவு எனக் கொண்டால், ஆண்டில் 1,200 மணி நேரம் பிள்ளை பள்ளியில் இருக்கிறது. பொது விடுமுறைகளைக் கழித்தால் இன்னும் குறையும்.

வாரத்திற்கு ஒரு நாள் ஓய்வு போக ஆண்டில் 313 நாள் பணிப்பெண் வேலையில் இருக்கிறார். காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை 14 மணி நேரம் என்று வைத்தால் 4,382 மணி ஆகிறது. 1,200 என்பது அதில் நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். “பாதி நாள் சும்மா இருக்கிறார்” என்ற பேச்சு கணக்கின் முன் நிற்கவில்லை. அந்த நான்கில் ஒரு பங்கு நேரத்தில்தான் சந்தைக்குப் போவதும் துவைப்பதும் சமைப்பதும் நடைபெறுகின்றன. முன்னர் இவற்றைக் குழந்தை உறங்கும் இடைவெளிகளிலும் இரவு ஒன்பது மணிக்கு மேலும் செய்து வந்தார். ஆகவே பள்ளி அவருக்குத் தந்தது ஓய்வன்று. அதுவரை அளவுக்கு மீறி இருந்த சுமை சற்று நேராயிற்று என்பதே உண்மை.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் கருதற்குரியது. பள்ளி நேரத்தில் பணிப்பெண் உண்மையில் வேலையின்றி ஒரு மணி நேரம் அமர்ந்திருக்கிறார் என்றே கொள்வோம். அந்த மணி யாருடையது? அவர் விரும்பியபடி வெளியே செல்லலாமா, உறங்கலாமா? பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காமல் இருக்கலாமா? முடியாது எனின் அது காத்திருக்கும் நேரம். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16ஆம் நாள் இல்லப் பணியாளர் பற்றி ஓர் உடன்படிக்கையை ஏற்றது. அதன் பத்தாம் விதி, பணியாளர் தம் நேரத்தைத் தம் விருப்பப்படி செலவிட இயலாமல் வீட்டாரின் அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரமும், அந்தந்த நாட்டுச் சட்டம் வகுக்கும் அளவுக்கு, வேலை நேரமாகவே கருதப்படும் என்கிறது. அன்றைய வாக்கெடுப்பில் சிங்கப்பூர், மலேசிய அரசுகள் நடுநிலை வகித்தன. பிலிப்பீன்ஸ் 2012இல் உடன்படிக்கையை உறுதி செய்தது. சட்டம் எப்படியாயினும், அவ்விதியில் உள்ள கருத்து எளியது. காவற்காரனுக்குத் திருடன் வராத இரவுக்கும் கூலி உண்டு.

சிங்கப்பூர் அரசின் வேறொரு கணக்கும் இதே திசையைக் காட்டுகிறது. வெளிநாட்டுப் பணிப்பெண்ணை அமர்த்துவோர் மாதந்தோறும் தீர்வை செலுத்துகின்றனர். 2019 ஏப்ரல் முதல் முதலாவது பணிப்பெண்ணுக்கு அது 300 வெள்ளி. குடியுரிமை பெற்ற பிள்ளை வீட்டில் இருந்தால் சலுகைத் தீர்வை 60 வெள்ளி. மாதத்திற்கு 240, ஆண்டுக்கு 2,880 வெள்ளி மிச்சம். இச்சலுகை பிள்ளை பள்ளி சேர்ந்தவுடன் நிற்பதன்று. 16 வயது நிரம்பும் வரை உண்டு. பள்ளி செல்லும் பிள்ளைக்கும் வீட்டில் ஒருவர் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டு அரசு தருகின்ற தொகை அது. பிள்ளையின் பெயரால் அதனைப் பெற்றுக்கொள்ளும் வீடு, அதே பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பணிப்பெண்ணிடம் “வேலை இல்லையே” என்று கூறுவது பொருந்துமா?

ஒரே காலால் உதைப்பவள்

பழைய சிங்கப்பூரில் இக்கேள்வி வேறு வகையில் தீர்க்கப்பட்டது. 1933ஆம் ஆண்டின் அயலார் சட்டம் சீன ஆடவரின் வருகைக்கு வரம்பு கட்டியது. பெண்களுக்கு 1938 வரை அத்தகைய வரம்பு இல்லை. தென்சீனத்தில் பட்டுத் தொழில் நலிந்து நின்ற காலம் அது. சுண்டே முதலிய பகுதிகளிலிருந்து மணம் செய்துகொள்வதில்லை என்று நோன்பு பூண்ட கண்டோனியப் பெண்கள் திரளாக வந்து இல்லப் பணியில் அமர்ந்தனர். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் பின்னலும் அவர்களுக்கு அடையாளம். செல்வர் வீடுகளில் சமையலுக்கு ஓர் ஆமா, குழந்தைக்கு ஓர் ஆமா, துணி துவைக்க ஓர் ஆமா என வேலை பிரிக்கப்பட்டிருந்தது. எல்லா வேலையையும் ஒருத்தியே செய்யும் வீடுகளில் அவளுக்கு வேறு பெயர். ‘யாட் கியோக் தெக்’ என்று கண்டோனிய மொழியில் அழைத்தனர். ‘ஒரே காலால் உதைப்பது’ என்பது அதன் பொருள்.

அப்பெயரில் ஒரு நேர்மை இருந்தது. குழந்தையை மட்டும் பார்க்கும் வேலை வேறு, அனைத்தையும் ஒருங்கே சுமக்கும் வேலை வேறு என்பதை அமர்த்துவோரும் அமர்வோரும் சொல்லாலேயே ஒப்புக்கொண்டனர். இற்றை நாளில் அப்பிரிவு மங்கிவிட்டது. குழந்தைக்கென்று அழைத்துவரப்பட்டவர், பிள்ளை பள்ளி புகுந்ததும் சொல்லாமலே ஒரே காலால் உதைப்பவராகிறார். காலியான காலை நேரத்தில் மாமியாரின் மருந்து, தம்பி வீட்டிலிருந்து வந்துசேரும் கைக்குழந்தை, மகிழுந்து கழுவுதல் என ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. பணிப்பெண் ஒருவர் ஒரு வேலையே செய்வார் என்று இந்தோனேசியத் தரப்பு 2012 மார்ச்சில் அறிவித்தபோது மலேசியாவில் பெரிய வாக்குவாதம் எழுந்தது. ஒரு வீட்டுக்கு நான்கு பேரை அமர்த்த எந்த நடுத்தரக் குடும்பத்தாலும் இயலாது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் வேலைகளைப் பெயரிட்டு எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற அடிப்படையிலும் நியாயம் இருந்தது. எண்ணாமல் சேர்ப்பதே தவறு.

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் இருந்த ஆயாக் கொட்டகையை இங்கு ஒப்பிடலாம். தாய்மார் பால்மரம் வெட்டச் செல்லும் விடியலில் குழந்தைகளை அங்கு விட்டுச் செல்வர். ஆயா என்னும் சொல் போர்த்துகீசியர் வழி வந்தது. தாயைக் குறிக்கும் ஆய் என்னும் தமிழ்ச்சொல்லோடு ஒலி ஒத்திருத்தலின் தோட்ட மக்கள் நாவில் அது அயற்சொல்லாக ஒலிக்கவில்லை. ஒரு பிள்ளை தோட்டப் பள்ளிக்குப் போய்விட்டால் வேறொரு தூளி அங்குத் தொங்கும். ஆயாவின் கூலி எந்த ஒரு பிள்ளையையும் பற்றியதன்று. ஒரு வீடு, ஒரு பிள்ளை, ஒரு செவிலி என்று அமைந்த நகர வாழ்க்கையில்தான் பிள்ளையின் வளர்ச்சியே செவிலியின் இழப்பாக மாறும் விந்தை நிகழ்கிறது. நன்றாக வளர்த்தவருக்கு அதுவா கைம்மாறு?

உண்மையிலேயே வேலை குறைந்துவிடும் வீடுகளும் உள. பிள்ளை பள்ளி முடிந்து மாணவர் பராமரிப்பு நிலையத்தில் மாலை ஏழு வரை இருக்கிறது, வீட்டில் முதியோர் இல்லை, சிறிய வீடு என்றால் வேலை குறைந்தது மெய்யே. அங்கும் ஊதியத்தைக் குறைத்தல் வழியன்று. வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே மாத ஊதியம் இவ்வளவு என மனிதவள அமைச்சுக்கு அறிவிக்கப்படுகிறது. அதனை நம்பியே அவர் கடன் வாங்கி வந்திருப்பார். மிஞ்சிய நேரத்துக்கு அண்ணன் கடைக்கோ அண்டை வீட்டுக்கோ அனுப்புவதும் ஆகாது. அது சட்டத்துக்குப் புறம்பு. 10,000 வெள்ளி வரை தண்டம் விழக்கூடும். பணிப்பெண் இனித் தேவையில்லை என்று தெரிந்தால் ஆறு மாதம் முன்பே சொல்லி, வேறு வீட்டுக்கு மாறிச் செல்ல நல்லுரை எழுதிக் கொடுப்பது நேர்மை. தேவை எனின், தேவைக்குரிய விலையைத் தருவது நேர்மை.

உயர்வு எவ்வளவு?

இரண்டு கணக்கைத் தனித்தனியே போட வேண்டும். இவற்றைக் கலப்பதால்தான் குழப்பம் நேர்கிறது. முதற்கணக்கு, சென்ற ஆண்டுகளுக்குரியது. பணிப்பெண் வந்த நாளில் இருந்த விலைவாசி இன்று இல்லை. சிங்கப்பூரில் நுகர்வோர் விலைகள் 2022இல் 6.1 விழுக்காடும் 2023இல் 4.8 விழுக்காடும் ஏறின. 2021இல் 700 வெள்ளிக்குப் பெற்ற பொருளை 2023இல் பெற ஏறத்தாழ 778 வெள்ளி வேண்டியிருந்தது. அவருக்கு உணவும் இடமும் வீட்டார் தருவதால் இது பொருந்தாது என்பர் சிலர். ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு நாணய மாற்றில் ஆதாயம் கிடைக்கிறதே என்றும் கூறுவர். ஓரளவு மெய். எனினும் மாற்று விகிதம் சந்தை தந்தது, வீடு தந்ததன்று. ஊரிலும் அரிசி விலை ஏறியே வந்துள்ளது. வீட்டுத் தலைவரின் சம்பளமும் அவ்வாண்டுகளில் உயர்ந்திருக்குமாயின், அதே விழுக்காட்டைப் பணிப்பெண்ணுக்கும் தருவது எளிய, மறுக்க முடியாத அளவுகோல். பிள்ளை பள்ளிக்குப் போவதற்கும் இக்கணக்குக்கும் எத்தொடர்பும் இல்லை.

இரண்டாம் கணக்கு, வரும் ஆண்டுகளுக்குரியது. ஒழிந்த வேலைகளை ஒரு பக்கமும் சேர்ந்த வேலைகளை மறுபக்கமும் எழுதினால் உண்மை தெரியும். முதியவரைத் தூக்கி அமர்த்துதல் போன்ற கடின வேலை சேர்ந்திருப்பின் அதற்குத் தனியே கூட்ட வேண்டும். பாலர் பள்ளிக் கட்டணம் நின்றுபோன வீட்டில் அப்பணத்தின் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும். சிங்கப்பூர்க் குடிமக்களின் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் பள்ளிக் கட்டணம் இல்லை. சில்லறைக் கட்டணமே உண்டு. துணைப்பாட வகுப்புக்குச் செலவிடுகிறோமே என்னும் பெற்றோர், அவ்வகுப்புக்குப் பிள்ளையை அழைத்துச் சென்று வருபவர் யார் என்பதையும் அக்கணக்கில் எழுதலாம்.

ஓய்வு நாளையும் மறத்தலாகாது. 2013 முதல் வாரம் ஒரு நாள் ஓய்வு விதியாயிற்று. ஓய்வுக்கு ஈடாகப் பணம் தரும் வழியும் இருந்தது. 2023 சனவரி முதல், மாதத்தில் ஒரு நாளையேனும் பணத்துக்கு மாற்றாமல் விடவேண்டும். ஒரு நாள் ஈட்டுத் தொகை மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து வருவது. ஊதியம் 728 வெள்ளியாயின் ஒரு நாளுக்கு 28. அதனை 780 ஆக உயர்த்தினால் 30. மாதம் மூன்று நாள் ஓய்வின்றி உழைப்பவருக்கு உயர்வு 52 வெள்ளியன்று, 58 வெள்ளி. வீட்டாரும் பணிப்பெண்ணும் இதனை முன்பே தெரிந்துகொண்டால் மாத இறுதியில் மனத்தாங்கல் இராது.

பணம் கூட்ட இயலாத வீடு என் செய்வது? பள்ளி நேரத்தில் இரண்டு மணியை உண்மையான ஓய்வாக விடலாம். அழைப்பு வந்தால் அந்த இரண்டு மணி நேரம் தாயே எடுப்பார் என்ற ஏற்பாட்டோடு விட வேண்டும். இன்றேல் அது காத்திருப்பே. ஞாயிறுதோறும் தவறாமல் ஓய்வு கொடுத்துப் படிக்க அனுப்பலாம். இல்லப் பணிப்பெண்களுக்குப் பணக் கணக்கும் சிறுதொழிலும் கற்பிக்கும் ‘ஐடா’ என்னும் அமைப்பு 2006இல் சிங்கப்பூரில் தோன்றியது. இவை ஊதிய உயர்வுக்கு முழு ஈடல்ல. ஆயினும் பண்டிகைக்குக் கொடுக்கும் சேலையையும் பழைய கைப்பேசியையும் காட்டி “கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம்” என்பதினும் மேல். பரிசு கொடுப்பவர் விருப்பம். ஊதியம் வாங்குபவர் உரிமை. பழைய கைப்பேசியைக் கொண்டு ஊரில் பள்ளிக் கட்டணம் செலுத்த முடியாது.

தமிழ்க் குடும்பங்களுக்குக் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. பணிப்பெண்களை அமர்த்த இசைவளிக்கப்பட்ட நாடுகளுள் இந்தியாவும் இலங்கையும் உள்ளன; தமிழ் பேசும் பெண்கள் அங்கிருந்து வருகின்றனர். சிங்கப்பூரில் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. தாயும் தந்தையும் பிள்ளையோடு ஆங்கிலத்திலேயே உரையாடும் வீட்டில், “சாப்பிட்டியா, கை கழுவினியா” என்று தமிழில் கேட்கும் ஒரே குரல் அப்பெண்ணுடையதாக இருத்தல் கூடும். வகுப்பில் வாய் திறந்து தமிழ் பேசும் பிள்ளைக்குப் பின்னே அத்தகைய ஒருவர் நிற்பதைத் தமிழாசிரியர் பலர் அறிவர். ஐவகைத் தாயருள் பேச்சுப் பயிற்றுபவளின் பணி அவ்வீடுகளில் பிள்ளை பள்ளி புகுந்த நாளில் முடியவில்லை. அன்றுதான் அதற்கு மதிப்பெண்ணே தொடங்குகிறது. துணைப்பாட ஆசிரியருக்கு மணிக்கு இவ்வளவு எனத் தயங்காமல் கொடுப்போர் இதனை எண்ணுவது தகும்.

பணிப்பெண்ணின் சொந்த வீட்டிலும் பள்ளிக் காலம் உண்டு. இந்தோனேசியாவில் பள்ளி ஆண்டு ஜூலையில் தொடங்குகிறது. பிலிப்பீன்ஸ் 2013இல் இயற்றிய சட்டத்தால் பள்ளிப் படிப்பில் இரண்டு ஆண்டுகள் கூடின. அங்கு ஒரு தாய் தன் மகனைப் பள்ளியிறுதிவரை தாங்க வேண்டிய காலமும் இரண்டு ஆண்டு நீண்டது. சிங்கப்பூர்ப் பிள்ளையின் ஏழாம் வயது வரை உடனிருந்தவர், தன் பிள்ளையின் ஏழாம் வயதைப் பெரும்பாலும் கைப்பேசித் திரையிலேயே கண்டிருப்பார். இதனைச் சொல்வது இரக்கம் வேண்டியன்று. ஊதியம் பேசும்போது அவர் ஏன் 30 வெள்ளிக்கு இத்தனை வருந்துகிறார் என வியப்போருக்கு விளக்கம் இது. அவருடைய கணக்கில் அந்த 30 வெள்ளிக்கு வகுப்பும் பெயரும் உண்டு.

எப்போது பேசுவது என்பது இறுதியாகக் கருத வேண்டியது. தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவு ஆண்டின் நடுவிலேயே தொடங்கிவிடுகிறது. பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்பது உறுதியானவுடன், பேருந்தா நடையா, பள்ளி விட்டபின் வீடா பராமரிப்பு நிலையமா என்பனவும் உறுதியாகிவிடும். வேலை எப்படி மாறும் என்பது அப்போதே தெரிவதால், ஊதியப் பேச்சுக்கும் அதுவே காலம். வேலை அனுமதி பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. அக்கெடு பள்ளி தொடங்கும் மாதத்தோடு பொருந்தி வரவேண்டும் என்பதில்லை. அதுவரை காத்திருத்தல் தேவையற்றது. தலைவரோ தலைவியோ தனியே அமர்ந்து, இருவர் முன்னும் ஒரு தாளை வைத்து, புதிய வேலை நேரம், ஒழிந்த வேலை, சேர்ந்த வேலை, ஓய்வு நாள், புதிய தொகை ஆகியவற்றை எழுத வேண்டும். “உங்களுக்கு எது கடினம்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருத்தல் வேண்டும், உடனே விடை வராது. அவர் படிக்கும் மொழியில் அத்தாளின் படி ஒன்று அவர் கையில் இருக்கட்டும். மாறிய ஊதியத்தை அமைச்சுக்கும் தெரிவித்துவிட வேண்டும். பள்ளி சனவரியில் திறக்கிறது. சனவரி மாத ஊதியம் பிப்ரவரி 7ஆம் நாளுக்குள் அவரைச் சேர வேண்டும். புதிய தொகை அதிலேயே இருத்தல் வேண்டும்.